ஆறு கம்பி கேள்வி–பதில்: கார்ட் படங்களைக் கம்ப்யூட்டரில் சேர்த்து வைப்பது எப்படி?

போன மாதம் இடது கை விரல்களுக்கான பயிற்சி பற்றி எழுதியிருந்தேன். அதற்கு வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் வேறொன்றைக் கேட்டிருந்தன: கிட்டார் கார்ட் படங்களை, அதாவது ஒரு கார்டுக்கு (சேர்ந்து ஒலிக்கும் சில ஸ்வரங்களுக்கு) எந்தக் கம்பியில் எங்கே விரல் வைப்பது என்று காட்டும் கட்டங்களை, எதில் வரைவது, எப்படி அடுக்கி வைப்பது? அதனால் இந்த இதழ் முழுக்க அதற்கே.

கேள்வி: பள்ளியில் கிட்டார் வகுப்பு எடுக்கிறேன். 120 பாடல்களைக் கையால் எழுதி, ஒவ்வொன்றின் தலையிலும் கார்ட் படங்களைப் பேனாவால் வரைந்து வைத்திருக்கிறேன். தாள்கள் கிழிய ஆரம்பித்துவிட்டன. எல்லாவற்றையும் கம்ப்யூட்டரில் ஏற்ற வேண்டும். எந்த சாஃப்ட்வேர் வாங்கலாம், மேடம்?
– இசை ஆசிரியை, பாளையங்கோட்டை

பதில்: எதையும் வாங்க வேண்டாம், டீச்சர். இலவசமாகவே நல்லது இருக்கிறது. அதைச் சொல்வதற்கு முன்னால் என் நோட்டுகளுக்கு என்ன ஆனது என்று சொல்லிவிடுகிறேன்.

1994-ல் வகுப்பு ஆரம்பித்தபோது, பாரிமுனையில் ரப்பர் ஸ்டாம்ப் செய்யும் ஒரு கடையில் ஆறு நேர்க்கோடும் ஐந்து குறுக்குக்கோடும் உள்ள கட்டம் ஒன்று செய்து வாங்கினேன். தீப்பெட்டியை விடச் சின்னது. லாங் சைஸ் நோட்டில் அந்தக் கட்டத்தை ஊதா மையில் வரிசையாகக் குத்திக்கொண்டே போய், அதன் மேல் பால்பாயின்ட் பேனாவால் விரல் புள்ளிகள் வைப்பேன். இருபத்தொரு வருஷத்தில் நான்கு நோட்டுகள் நிறைந்தன. 2015 டிசம்பர் முதல் வாரத்தில் அடையாறு பெருகி சைதாப்பேட்டையில் எங்கள் தெருவுக்குள் வந்தது. நோட்டுகள் அலமாரியின் கீழ்த்தட்டில் இருந்தன.

தண்ணீர் வடிந்த பிறகு ஒவ்வொரு பக்கமாகப் பிரித்து ஃபேனுக்கு அடியில் காய வைத்தேன். ஸ்டாம்ப் மை தண்ணீரில் கரையும். பால்பாயின்ட் மை எண்ணெயில் குழைத்தது, அது கரையவில்லை. ஆக, பக்கம் முழுக்க வெளிறிய ஊதாக் கறை. அதன் நடுவே நீலப் புள்ளிகள் மட்டும் பளிச்சென்று. எந்தக் கம்பி, எந்த ஃப்ரெட் (கிட்டார் கழுத்தில் குறுக்கே பிரித்திருக்கும் கட்டம்) என்று சொல்ல ஒரு கோடுகூட இல்லை. கட்டம் போன பிறகு புள்ளிக்கு அர்த்தமே இல்லை என்று அன்றைக்குத்தான் எனக்கு உறைத்தது.

ஆனால் இரண்டாவது நோட்டில் மட்டும், என்ன நினைத்தேனோ, படத்துக்குக் கீழே ஆறு எண்களையும் பேனாவாலேயே எழுதி வைத்திருந்தேன். சி மேஜருக்கு “எக்ஸ் 3 2 0 1 0”. இடது ஓரம் தடித்த கம்பி, வலது ஓரம் மெல்லிய கம்பி. எக்ஸ் என்றால் அந்தக் கம்பியை அடிக்கக் கூடாது, 0 என்றால் விரல் வைக்காமல் திறந்து ஒலிக்க விடுவது, மற்றவை ஃப்ரெட் எண்கள். அந்த நோட்டில் இருந்த அத்தனை கார்டையும் ஒரே ஞாயிற்றுக்கிழமையில் மறுபடி வரைந்துவிட்டேன். மற்ற மூன்று நோட்டுகளில் இருந்ததை ஞாபகத்திலிருந்து மீட்க ஒன்றரை வருஷம் ஆனது. சிலது வரவே இல்லை.

அதனால் உங்களை நான் கேட்டுக்கொள்வது ஒன்றுதான். படத்தைச் சேமிக்காதீர்கள், ஆறு எண்ணைச் சேமியுங்கள். எண்கள் இருந்தால் படத்தை எந்தக் காலத்திலும் எந்த சாஃப்ட்வேரும் வரைந்து கொடுக்கும். படம் மட்டும் இருந்தால் அதிலிருந்து எதையும் மாற்ற முடியாது, தேட முடியாது, ஸ்கேலை, அதாவது பாட்டின் சுருதியை, ஏற்ற முடியாது.

இந்த எண்ணத்தின் மேலேயே கட்டப்பட்டதுதான் நான் சொன்ன அந்த இலவச சாஃப்ட்வேர், கார்ட்ப்ரோ. 1990-களின் தொடக்கத்தில் மார்ட்டின் லெக்லெர்க், மரியோ டோரியன் என்ற இருவர் எழுதிய ஒரு சின்ன புரோகிராமில் இருந்து வந்தது. இன்றைக்கு யோஹன் ஃப்ரோமன்ஸ் அதை வளர்த்து வருகிறார். விண்டோஸ், மேக், லினக்ஸ் மூன்றிலும் ஓடும். பாடல் ஒவ்வொன்றும் ஒரு சாதாரண டெக்ஸ்ட் கோப்பு, நோட்பேடில் திறக்கலாம். வரிக்குள் கார்ட் மாறும் இடத்தில் சதுர அடைப்புக்குறி போட்டு அதன் பெயரை எழுதினால் போதும். கோப்பில் கார்ட் பெயர் ஆங்கில எழுத்தில் இருக்கும். இங்கே தமிழில் எழுதிக் காட்டுகிறேன்:

[ஜி]மழை வரும் [சி]நேரம் [டி]மாடியில் [ஜி]நின்றேன்

இதை பி.டி.எஃப். ஆக்கச் சொன்னால், கார்ட் பெயர்கள் வரிக்கு மேலே சரியான எழுத்தின் தலையில் போய் உட்காரும். பாட்டில் வரும் கார்ட்களுக்கு மட்டும் படம் வரைந்து பக்கத்தில் சேர்த்துவிடும். நீங்கள் ஒரு கோடுகூட இழுக்க வேண்டாம்.

தமிழுக்கு இதில் இரண்டு இடத்தில் கவனம் வேண்டும். முதலாவது, அடைப்புக்குறி எப்போதும் முழு எழுத்துக்கு முன்னால் வர வேண்டும். “போகும்” என்ற சொல்லில் ‘போ’வில் கார்ட் மாறுகிறது என்றால் குறி ‘போ’வுக்கு முன்னால். கர்சரைத் தவறான இடத்தில் வைத்து பகரத்துக்கும் அதன் உயிர்க்குறிக்கும் நடுவில் செருகிவிட்டால் எழுத்தே உடைந்து, கொம்பும் காலும் ஒரு புள்ளி வட்டத்தைக் கட்டிக்கொண்டு தனியாக நிற்கும். இரண்டாவது, அமைப்புக் கோப்பில் ஒரு தமிழ் யூனிகோட் எழுத்துருவைக் கொடுத்து, அதற்கு ‘ஷேப்பிங்’ என்ற வசதியை இயக்க வேண்டும். இயக்காவிட்டால் ஒற்றைக்கொம்பு எழுத்துக்கு முன்னால் வராமல் பின்னால் வந்து நிற்கும். என்னிடம் கேட்டவர்களில் நிறையப் பேர் இந்த இடத்தில்தான் ‘தமிழுக்கு ஒத்து வராது’ என்று விட்டுவிட்டுப் போயிருக்கிறார்கள். ஒத்து வரும். ஒரு வரி அமைப்புதான் பாக்கி.

இனி முக்கியமான விஷயம். கார்ட்ப்ரோ தன்னிடம் உள்ள அகராதியில் இருந்து படத்தை எடுக்கிறது. அது சொல்லும் விரல்தான் உங்கள் மாணவனுக்கு ஏற்ற விரல் என்று நினைக்க வேண்டாம். ஜி மேஜரையே எடுத்துக்கொள்ளுங்கள்: 3 2 0 0 0 3. இதைப் பலர் நடுவிரல், ஆள்காட்டி, மோதிர விரல் என்று பிடிப்பார்கள். அடுத்து சி வருகிற பாட்டில் அப்படிப் பிடித்தால் கையை முழுசாகத் தூக்கி வைக்க வேண்டும். அதையே மோதிர விரல், நடுவிரல், சுண்டு விரல் என்று பிடித்தால், சி-க்குப் போகும்போது மோதிர விரலும் நடுவிரலும் ஜோடியாக ஒரு கம்பி இறங்கினால் போதும், ஆள்காட்டி வந்து சேர்ந்துகொள்ளும். ஒலி ஒன்றுதான். பிள்ளையின் கைக்கு இரண்டும் வேறு வேறு. இந்த வித்தியாசத்தைச் சொல்லத்தான் புள்ளிக்குள் 1, 2, 3, 4 என்று (ஆள்காட்டியில் தொடங்கி சுண்டு விரல் வரை) விரல் எண் போடுகிறோம். அது இல்லாத படத்தை நான் பாதிப் படம் என்றுதான் சொல்வேன்.

கார்ட்ப்ரோவில் ‘டிஃபைன்’ என்ற கட்டளையால் உங்கள் வடிவத்தை நீங்களே சொல்லலாம். பெயர், தொடங்கும் ஃப்ரெட், ஆறு ஃப்ரெட் எண்கள், ஆறு விரல் எண்கள். இங்கே ஒரு பள்ளம் இருக்கிறது. என் மாணவி ஒருத்தி அதில் விழுந்ததைப் பார்த்தேன். பி மைனர் என்பது எக்ஸ் 2 4 4 3 2. தொடங்கும் ஃப்ரெட் 2 என்று கொடுத்துவிட்டு, எண்களையும் அப்படியே 2 4 4 3 2 என்று எழுதிவிட்டாள். தொடங்கும் ஃப்ரெட்டை 2 என்று கொடுத்தால், எண்களை அங்கிருந்து 1, 2, 3 என்று எண்ண வேண்டும்: எக்ஸ் 1 3 3 2 1. அவள் எழுதியதில் படம் ஒரு ஃப்ரெட் தள்ளி விழுந்தது. பெயர் பி மைனர், படம் சி மைனர். தாளை நம்பி நான்கு பிள்ளைகள் ஒரு வாரம் வீட்டில் பயிற்சி செய்துவிட்டு வந்தார்கள். வகுப்பில் சேர்ந்து அடித்தபோது அந்த ஒரு இடம் மட்டும் கூசியது. விரலைத் திருத்தினேன், கம்பியைச் சுருதி சேர்த்தேன், கடைசியில்தான் தாளைப் பார்த்தேன். அன்றிலிருந்து எங்கள் வகுப்பில் ஒரு பழக்கம்: புதிதாக டிஃபைன் செய்த எந்தக் கார்டையும், அச்சான படத்தைப் பார்த்து ஒருவர் கிட்டாரில் பிடித்து, ஒவ்வொரு கம்பியாக மீட்டிக் கேட்ட பிறகுதான் ஜெராக்ஸ்.

அடுக்கி வைப்பதற்கு என் வழி இது. 120 பாடலுக்கும் தனித்தனியாகக் கார்ட் வடிவங்களை எழுதாதீர்கள். எல்லா வடிவங்களும் ஒரே பொதுக் கோப்பில் இருக்கட்டும். பாடல் கோப்புகளில் கார்ட் பெயர் மட்டும். உங்கள் பாடல்களில் வரும் வெவ்வேறு கார்ட்களை எண்ணிப் பாருங்கள், முப்பதைத் தாண்டினால் எனக்கு ஆச்சரியம். ஒரே கார்டுக்கு இரண்டு வடிவம் தேவைப்பட்டால் பெயரோடு ஃப்ரெட் எண்ணைச் சேர்த்து விடுங்கள், ‘ஏ மைனர் 5’ என்பது போல. பிறகு ஒருநாள் ஜி-யின் விரலை மாற்ற நினைத்தால் ஒரே இடத்தில் மாற்றினால் போதும், 120 தாளிலும் மாறிவிடும். பாடல் கோப்பின் பெயரை மட்டும் பாட்டின் முதல் சொல்லில் வையுங்கள். ‘புதிய பாட்டு 2’, ‘கடைசி’, ‘கடைசி சரி செய்தது’ என்று வைத்தால் ஆறு மாதத்தில் நீங்களே தேடுவீர்கள்.

120-ஐயும் ஒரே மூச்சில் ஏற்ற நினைக்காதீர்கள். இந்தப் பருவத்தில் சொல்லிக்கொடுக்கப் போகும் பத்துப் பாடலில் ஆரம்பியுங்கள். மீதித் தாள்களை இன்றைக்கே ஃபோனில் படம் பிடித்து வேறொரு இடத்திலும் வைத்துவிடுங்கள். தயவுசெய்து இதை மட்டும் தள்ளிப் போட வேண்டாம்.

கேள்வி: எங்கட கோயில் பாடல்கள் முந்நூறுக்குக் கிட்ட, முந்தி பாமினியில் அடிச்சு வச்சிருக்கிறம். அதை அப்படியே எடுத்து கார்ட் போட ஏலுமா, அக்கா?
– வாசகர், யாழ்ப்பாணம்

பதில்: அப்படியே எடுக்க வேண்டாம், தம்பி. முதலில் யூனிகோடுக்கு மாற்றிவிடுங்கள். அதற்கான மாற்றிகள் இலவசமாகவே கிடைக்கின்றன. பாமினி எழுத்துருவில் தமிழ் எழுத்து ஒவ்வொன்றும் ஒரு ஆங்கில விசையின் மேல் சவாரி செய்கிறது. எழுத்துருவை எடுத்துவிட்டால் ஆங்கிலக் குப்பையாகத் தெரிவது அதனால்தான். நம் வேலைக்கு இதில் தனியாக ஒரு தொல்லை உண்டு. பாமினியில் ‘ஜ’ இருப்பது திறக்கும் சதுர அடைப்புக்குறியின் மேல், ‘ஸ’ இருப்பது மூடும் அடைப்புக்குறியின் மேல். கார்ட்ப்ரோவுக்கு அந்த இரண்டு குறியும் கார்ட் பெயரின் எல்லை. வடமொழிச் சொல் நிறைந்த பாட்டாக இருந்தால், ஒரு ‘ஜ’வுக்கும் அடுத்த ‘ஸ’வுக்கும் நடுவில் உள்ள அத்தனையையும் ஒரு கார்ட் என்று எடுத்துக்கொண்டு வரிக்கு மேலே தூக்கிவிடும்.

மாற்றிய பிறகு ‘ஜெ’, ‘ஸ்’ வரும் சொற்களை ஒரு தடவை கண்ணால் ஓட்டிப் பாருங்கள். முந்நூறு பாடல் பெரிய சொத்து. நிதானமாகச் செய்யுங்கள்.

கேள்வி: எங்கள் பாடகர் குழுவில் ஒரு பாட்டு ஜி ஸ்கேலில் இருந்தது. பாடுகிற அக்காவுக்கு அரை சுருதி ஏற்ற வேண்டும் என்றார்கள். சாஃப்ட்வேரில் ஏற்றினேன். ஏ ஃப்ளாட், டி ஃப்ளாட், இ ஃப்ளாட், எஃப் மைனர் என்று வந்துவிட்டது. எல்லாம் ‘பேர்’ (barre) கார்ட், ஒரே விரலைப் பல கம்பிகளின் மேல் படுக்க வைத்துப் பிடிப்பது. கிட்டார் வாசிக்கும் பிள்ளைகளால் பிடிக்கவே முடியவில்லை. சாஃப்ட்வேர் தப்பா?
– பாடகர் குழுப் பொறுப்பாளர், நாகர்கோவில்

பதில்: சாஃப்ட்வேர் சரி. ஆனால் நீங்கள் கொடுத்தது கீபோர்டுக்காரருக்கான தாள். கிட்டாருக்கு அரை சுருதி ஏற்றுவது என்றால் முதல் ஃப்ரெட்டில் கேப்போ (எல்லாக் கம்பிகளையும் சேர்த்து அழுத்திப் பிடிக்கும் கிளிப்) போடுவதுதான். பிள்ளைகள் பழைய ஜி, சி, டி, இ மைனர் வடிவங்களையே பிடிக்கட்டும். காதில் விழுவது ஏ ஃப்ளாட் ஸ்கேல்.

இங்கே ‘பெயர்’ என்பது இரண்டு. கை பிடிக்கும் வடிவத்தின் பெயர் ஒன்று, காதில் கேட்கும் கார்டின் பெயர் ஒன்று. கேப்போ இல்லாதபோது இரண்டும் ஒன்றாக இருப்பதால் நமக்கு வித்தியாசம் தெரிவதில்லை. கேப்போ போட்டதும் பிரிந்துவிடும். இதைக் குழப்பிக்கொண்டால் என்ன ஆகும் என்று எங்கள் குழுவிலேயே அனுபவப்பட்டோம். பாட்டு ஜி வடிவம், கேப்போ 3, கேட்பது பி ஃப்ளாட். தாள் அடித்தவர் கார்ட்களையும் பி ஃப்ளாட்டுக்கு ஏற்றிவிட்டு, தலைப்பில் ‘கேப்போ 3’ என்பதையும் அப்படியே விட்டுவிட்டார். கிட்டார்காரர்கள் மூன்று பேரும் தாளில் இருந்தபடியே கேப்போ போட்டு பி ஃப்ளாட் பிடித்தார்கள். கீபோர்டு பி ஃப்ளாட்டில், கிட்டார்கள் டி ஃப்ளாட்டில். முதல் வரி முடிவதற்குள் பாடகர்கள் நிறுத்திவிட்டார்கள். நல்லவேளை, சனிக்கிழமை ஒத்திகை.

பாட்டைக் கிட்டார் வடிவத்திலேயே ஒரு கோப்பாக வைத்துக்கொள்ளுங்கள், அதில் கேப்போ எண்ணைக் கட்டளையாகக் கொடுங்கள். கிட்டாருக்கு அதை அப்படியே அச்சடிக்கலாம். கீபோர்டுக்கு அடிக்கும்போது கார்ட்ப்ரோவில் ‘டீகேப்போ’ என்று ஒரு தேர்வு இருக்கிறது. அது கேப்போவை எடுத்துவிட்டு, கேட்கும் கார்ட்களாக மாற்றித் தரும். கோப்பு ஒன்றுதான், தாள் இரண்டு. கிட்டார் தாளின் தலையில் “கேப்போ 1. பிடிப்பது ஜி, கேட்பது ஏ ஃப்ளாட்” என்று முழுசாக எழுதுங்கள். வெறுமனே ‘கேப்போ 1’ போதாது.

கேள்வி: என் மகளுக்கு ஒன்பது வயது. இடது கைக்காரி. கம்பிகளை மாற்றிக் கட்டிய இடது கை கிட்டார்தான் வாசிக்கிறாள். கார்ட் படங்கள் எல்லாம் வலது கைக்காரர்களுக்கே இருக்கின்றன. படத்தை அப்படியே திருப்பிப் போட்டால் பெயரும் எண்களும் கண்ணாடியில் பார்ப்பது போல் ஆகிவிடுகின்றன.
– ஒரு அம்மா, கோயம்புத்தூர்

பதில்: படத்தைத் திருப்பாதீர்கள் அம்மா, எண்களைத் திருப்புங்கள். சாஃப்ட்வேருக்குக் கை எது என்று தெரியாது. முதல் எண்ணை இடது ஓரக் கோட்டிலும் ஆறாவது எண்ணை வலது ஓரக் கோட்டிலும் போடும், அவ்வளவுதான். சி மேஜரை எக்ஸ் 3 2 0 1 0 என்பதற்குப் பதில் 0 1 0 2 3 எக்ஸ் என்று கொடுங்கள். எழுத்து நேராகவே இருக்கும், புள்ளிகள் மட்டும் மகளின் கிட்டாரில் உள்ளபடி விழும். டி மேஜர் 2 3 2 0 எக்ஸ் எக்ஸ். விரல் எண்களையும் அதே வரிசையில் திருப்ப மறக்காதீர்கள்: 2 3 1 0 எக்ஸ் எக்ஸ்.

இந்த வடிவங்களைத் தனிக் கோப்பில் வையுங்கள், மற்றவற்றோடு கலக்க வேண்டாம். பாடல் கோப்புகளில் ஒரு எழுத்தும் மாற்ற வேண்டியதில்லை. வடிவக் கோப்பை மட்டும் மாற்றிக் கொடுத்தால் அதே பாட்டு அவளுடைய தாளாக வந்துவிடும். அவளுடைய ஆசிரியரிடமும் ஒரு பிரதி கொடுத்துவிடுங்கள். வகுப்பில் எல்லோரிடமும் தாள் இருந்து தனக்கு மட்டும் தலைகீழாகப் படிக்க வேண்டியிருப்பது ஒரு குழந்தைக்கு எவ்வளவு பாரம் என்று நான் பார்த்திருக்கிறேன். பெரியவளான பிறகு வலது கைப் படத்தையும் மனசுக்குள் திருப்பிப் படிக்கப் பழகிக்கொள்வாள். ஒன்பது வயதில் அந்தச் சுமை வேண்டாம்.

கேள்வி: மியூஸ்ஸ்கோர் என்ற சாஃப்ட்வேரில் மெலடியை ஸ்டாஃபில் (ஐந்து கோட்டு இசைக்குறிப்பில்) எழுதுகிறேன். அதற்கு மேலேயே கார்ட் படம் வேண்டும். பட்டியலில் இருக்கும் படங்களை என் இஷ்டத்துக்கு மாற்ற முடியுமா, மிஸ்?
– கல்லூரி மாணவர், மதுரை

பதில்: முடியும். ஸ்வரம் எழுத வேண்டியிருந்தால் மியூஸ்ஸ்கோர்தான் சரி, அதுவும் இலவசம். ஃப்ரெட்போர்டு டயக்ராம் என்ற பேலட்டைத் திறந்து, ஒரு நோட்டைத் தேர்ந்துகொண்டு படத்தைச் சொடுக்கினால் அதன் தலையில் வந்து உட்காரும். பிறகு படத்தைத் தேர்ந்தெடுத்தால் ப்ராபர்ட்டீஸ் பகுதியில் அதே கட்டம் பெரிதாகத் தெரியும். அங்கே புள்ளியை வைக்கலாம், எடுக்கலாம், கட்டத்தின் மேலே எக்ஸ், 0 மாற்றலாம், ‘பேர்’ (barre) கோடு போடலாம். மாற்றிய படத்தை கன்ட்ரோல், ஷிஃப்ட் இரண்டையும் அழுத்திப் பிடித்தபடி பேலட்டுக்கு இழுத்துப் போட்டுவிட்டால் அடுத்த பாட்டுக்கும் தயாராக இருக்கும். இதைத் தெரியாமல் ஒவ்வொரு பாட்டுக்கும் புதிதாகப் புள்ளி வைத்துக்கொண்டிருப்பவர்கள் நிறைய. பாட்டின் ஸ்கேலை மாற்றினால் மட்டும் ஒவ்வொரு படத்தையும் பெயரோடு ஒப்பிட்டுப் பார்த்துவிட்டு அச்சடியுங்கள்.

டைப் செய்தே எழுதப் பிடிக்கும் என்றால் லிலிபாண்ட் என்ற சாஃப்ட்வேர் இருக்கிறது. எக்ஸ், 3, 2, ஓ, 1, ஓ என்று அரைப்புள்ளி வைத்து ஒரு வரி கொடுத்தால் படம் வரும். அச்சு மிக அழகு. பழகக் கொஞ்ச நாள் எடுக்கும்.

கேள்வி: ஓய்வு பெற்ற பிறகு கிட்டார் கற்கிறேன். வயது 63. இந்தக் கட்டம் போட்ட படத்தை யார் கண்டுபிடித்தார்கள்? கிட்டாரைப் படுக்க வைத்துத்தானே வாசிக்கிறோம், படம் ஏன் நிற்கிறது?
– வாசகர், திருச்சி

பதில்: கிட்டாரை நிமிர்த்திச் சுவரில் சாய்த்து வைத்து, எதிரே உட்கார்ந்து பார்ப்பது போல நினைத்துக்கொள்ளுங்கள், ஐயா. மேலே தடித்த கோடு நட், அதாவது கழுத்தின் தலைப்பக்கம் கம்பிகளைத் தாங்கும் பட்டை. நேர்க்கோடுகள் கம்பிகள், குறுக்குக்கோடுகள் ஃப்ரெட். ஒரு வாரத்தில் கண் பழகிவிடும்.

யார் முதலில் என்று ஒருவரைச் சுட்டுவதை விட, கிட்டார்காரர்கள் ரொம்ப காலமாகவே ‘கையின் வடிவத்தை’ எழுதி வைக்க வழி தேடியிருக்கிறார்கள் என்று சொல்வேன். எனக்கு மிகவும் பிடித்தது இத்தாலியில் 17-ஆம் நூற்றாண்டில் இருந்த முறை. ‘அல்ஃபபேத்தோ’ என்று பெயர். 1606-ல் ஃப்ளாரன்ஸில் ஜிரோலாமோ மோந்தெசார்தோ அதை அச்சில் கொண்டுவந்தார். பாட்டு வரிக்கு மேலே ஒரு எழுத்து போட்டால் அது ஒரு கார்ட். ஆனால் அந்த எழுத்துக்கும் இன்றைய பெயருக்கும் சம்பந்தமில்லை. ‘ஏ’ என்று போட்டிருந்தால் இன்றைய ஜி மேஜர், ‘பி’ என்றால் சி மேஜர், ‘சி’ என்றால் டி மேஜர். அது ஒலியின் பெயர் அல்ல, கை பிடிக்க வேண்டிய வடிவத்தின் பெயர். மேலே நாகர்கோவில் வாசகருக்குச் சொன்னேனே, அந்த இரட்டைப் பெயர் விவகாரம் நானூறு வருஷம் பழையது.

கட்டம் போட்ட படம் வீட்டுக்கு வீடு போனது 1920-களில், அமெரிக்காவில் யூக்கலேலி (நான்கு கம்பி உள்ள, கிட்டார் போன்ற சின்ன வாத்தியம்) மோகம் இருந்தபோது. அச்சிட்ட பாடல் தாள்களில் யூக்கலேலிக்கான கட்டங்களைச் சேர்க்கும்படி பதிப்பாளர்களை இணங்க வைத்ததில் மே சிங்கி ப்ரீன் என்ற பெண்மணிக்குப் பெரிய பங்கு உண்டு. அவருடைய கட்டத்தில் நான்கு கோடு, நம்முடையதில் ஆறு.

கேள்வி: வாட்ஸ்அப்பில் அனுப்பும் கார்ட் படங்களில் புள்ளிக்குள் இருக்கும் விரல் எண் மங்கிவிடுகிறது. என்ன செய்வது?
– வாசகி, தூத்துக்குடி

பதில்: ஃபோட்டோவாக அனுப்பினால் அது சுருக்கிவிடும். பி.டி.எஃப். ஆக்கி, ‘டாக்குமென்ட்’ என்று தேர்ந்து அனுப்புங்கள். கார்ட்ப்ரோவோ மியூஸ்ஸ்கோரோ நேரடியாகக் கொடுக்கும் பி.டி.எஃப்.பில் கோடுகள் கோடுகளாகவே இருக்கும், எவ்வளவு பெரிதாக்கினாலும் மங்காது. அச்சில் ஒரு படம் இரண்டரை சென்டிமீட்டர் அகலத்துக்குக் குறைய வேண்டாம். ஏ4 தாளில் ஒரு வரிசைக்கு ஐந்து படம் தாராளமாக நிற்கும்.

கேள்வி: சினிமாப் பாடல்களைக் கார்ட் படங்களோடு புத்தகமாகப் போட்டு விற்கலாமா?
– கிட்டார் ஆசிரியர், சேலம்

பதில்: பாடல் வரிகள் எழுதியவருடைய சொத்து. 1957-ஆம் ஆண்டு காப்புரிமைச் சட்டப்படி, எழுதியவரின் ஆயுளுக்குப் பிறகும் 60 வருஷம் உரிமை இருக்கும். இசைக்கும் அப்படியே. அனுமதி வாங்காமல் அச்சிட்டு விற்காதீர்கள். சி மேஜரின் வடிவம் யாருக்கும் சொந்தமில்லை. வெறும் கார்ட் வடிவங்களையும் பயிற்சிகளையும் வைத்து உங்கள் கையால் ஒரு நல்ல புத்தகம் போடுங்கள், முதல் பிரதி எனக்கு வேண்டும்.

கேள்வி: பாட்டைக் கேட்டுத் தானாகவே கார்ட் படம் காட்டும் செயலிகளை நம்பலாமா? என் பையன் முழுக்க அதையே பார்த்து வாசிக்கிறான்.
– ஒரு அப்பா, தாம்பரம்

பதில்: தொடக்கத்துக்கு உதவும். பெரும்பாலும் மேஜரா மைனரா என்பதைச் சரியாகச் சொல்லிவிடும். ஆனால் பாஸ் கம்பியில் எந்த ஸ்வரம் நிற்கிறது, சஸ்பென்டட் கார்ட் எங்கே வந்து எங்கே விடுபடுகிறது என்பதில் தடுமாறும். அதோடு, பாட்டு எந்த ஸ்கேலோ அந்தக் கார்டையே காட்டும். இ ஃப்ளாட் என்றால் இ ஃப்ளாட் படம். கேப்போ 3 போட்டு சி வடிவம் பிடித்தால் போதும் என்பது அவனுக்குத் தெரிந்திருக்க வேண்டும். அது காட்டியதை அவனே ஒரு டெக்ஸ்ட் கோப்பில் எழுதட்டும். எழுதும்போது ஒவ்வொரு மாற்றத்திலும் நிறுத்தி, பாட்டோடு சேர்த்து மீட்டிப் பார்த்து, ஒட்டாத இடத்தில் குறி வைக்கட்டும். அந்த வேலையில்தான் காது வளரும்.

கேள்வி: ஏழு வயதுப் பேரனுக்கு நானே முதல் கார்ட் தாள் தயார் செய்கிறேன். அதில் எத்தனை படம் போடலாம்?
– ஒரு பாட்டி, கும்பகோணம்

பதில்: இரண்டு. இ மைனர் ஒன்று, 0 2 2 0 0 0. ஏ சஸ் 2 ஒன்று, எக்ஸ் 0 2 2 0 0. இரண்டையும் ஒவ்வொன்றும் ஆறு சென்டிமீட்டர் அகலத்துக்குப் பெரிதாக, பக்கத்தில் பக்கத்தில் போடுங்கள், விரல் எண் 2, 3 என்று இரண்டிலும் தெளிவாக இருக்கட்டும். நடுவிரலும் மோதிர விரலும் அதே ஃப்ரெட்டில், அதே ஜோடியாக ஒரு கம்பி மட்டும் நகர்ந்திருப்பது குழந்தையின் கண்ணுக்கே தெரியும். நீங்கள் விளக்கக்கூட வேண்டாம். தாளைக் கிட்டாருக்குப் பக்கத்தில் நிறுத்தி வைத்துவிட்டு, நான்கு எண்ணிக்கை அது, நான்கு எண்ணிக்கை இது என்று நீங்கள் தாளம் போடுங்கள். டி மேஜர் படத்தை மூன்றாவது வாரம் சேர்க்கலாம்.